ஒன்றுக்கு ஒன்று என்னும் மயக்கம்

ஹாம் வானொலிக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. ஆன்டெனா நல்லதா கெட்டதா என்பதை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள்தான் தீர்மானிக்கும் என்பது அது. முள் 1:1இல் படுத்துவிட்டால் ஆன்டெனா தேறிவிட்டது. 2:1ஐத் தாண்டினால் தோற்றுவிட்டது. புதிதாக உரிமம் வாங்கியவருக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுவே. ஆன்டெனா விற்பவர் தன் சரக்கின் பெருமையாக முதலில் சொல்வதும் இதையே.

பிரித்துப் பார்த்தால் இந்த நம்பிக்கைக்குள் மூன்று கூற்றுகள் இருக்கும். ஒன்று, எஸ்.டபிள்யூ.ஆர். குறைந்த ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். இரண்டு, ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் பவர் வீணாகிறது. அது போதாதென்று டிரான்ஸ்மிட்டரையும் பொசுக்குகிறது. மூன்று, ஆகவே முள் அடிமட்டத்தைத் தொடும்வரை கம்பியை வெட்ட வேண்டும், கேபிளை வெட்ட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கடையில் வேறு ஆன்டெனா வாங்கி மாட்ட வேண்டும். மூன்றுமே தவறு. ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இத்தனை காலம் செலாவணியில் இருக்கின்றன.

மீட்டருக்குத் தெரிந்தது எவ்வளவு?

ஒவ்வொரு கேபிளுக்கும் அதற்கென்று ஓர் இம்பிடன்ஸ் உண்டு. ஹாம்கள் புழங்கும், உள்கம்பியைச் சுற்றிப் பின்னல் போர்த்திய கோஆக்ஸ் கேபிள்களான ஆர்.ஜி.58, ஆர்.ஜி.213 இரண்டுக்கும் அது 50 ஓம். கேபிளின் மறுமுனையில் மாட்டியிருப்பதும் 50 ஓமாக இருந்தால், போய்ச் சேர்ந்த பவர் முழுவதும் அங்கே இறங்கிவிடும். வேறாக இருந்தால் ஒரு பகுதி திரும்பும். போகும் அலையும் வரும் அலையும் சேர்ந்து கேபிளில் நிலையலைகளை உண்டாக்கும். அவற்றின் உச்ச மின்னழுத்தத்துக்கும் தாழ்ந்த மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதம்தான் எஸ்.டபிள்யூ.ஆர். ஆக, மீட்டர் சொல்லக்கூடிய செய்தி ஒன்றே: அது மாட்டப்பட்ட இடத்திலிருந்து பார்க்கும்போது எதிரே இருக்கும் சுமை 50 ஓமுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது. அந்தச் சுமைக்குள் போன பவர் வானத்துக்குப் போனதா, மண்ணைச் சூடாக்கியதா, கேபிளுக்குள்ளேயே கரைந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை என்பதற்காகப் பையன் கணக்கில் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட முடியுமா?

ஹாம் நிலையத்தில் இருக்கும் ஆகச் சிறந்த 1:1 எது என்று பாருங்கள். டம்மி லோட். உள்ளே இருப்பது 50 ஓம் ரெசிஸ்டர். 160 மீட்டர் பேண்டிலிருந்து 10 மீட்டர் பேண்டு வரை எங்கே வைத்துப் பேசினாலும் முள் அசையாது. அதிலிருந்து அலை எதுவும் வெளியே போகக் கூடாது என்பதற்காகவே அதைச் செய்கிறார்கள்.

இது குதர்க்கம் என்பவர்களுக்கு நிஜ ஆன்டெனா ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கால் அலைநீள வெர்டிகல். தரையில் இழப்பே இல்லையென்றால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 36 ஓம், எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 காட்டும். ரேடியல் கம்பிகளைக் கஞ்சத்தனமாக நாலைந்து மட்டும் மண்ணில் போட்டிருக்கிறோம், மண்ணின் இழப்பு ஒரு 14 ஓமாக வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 36உம் 14உம் 50. முள் 1:1இல் வந்து நிற்கும். கட்டியவர் கைதட்டுவார். உள்ளே போன பவரில் 28 சதவீதம் மண்புழுக்களுக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கும். இதே ஆன்டெனாவுக்கு இன்னும் இருபது முப்பது ரேடியல்களைப் போட்டால் மண்ணின் இழப்பு குறையும், வெளியே போகும் பவர் கூடும், எஸ்.டபிள்யூ.ஆர். 1.4ஐ நோக்கி ஏறும். அதாவது ஆன்டெனா தேறத் தேற முள் கெட்ட பெயர் கொடுக்கும். முள்ளை நம்பியவர் போட்ட ரேடியல்களைப் பிடுங்கிப் போடுவார்.

டைபோலிலும் இதே கூத்துதான். தரையை விட்டு வெகுதூரத்தில் தொங்கும் அரை அலைநீள டைபோலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 73 ஓம். எந்தக் குறையும் இல்லாத அந்த ஆன்டெனா 50 ஓம் கேபிளில் 1.46 காட்டும். நம் ஊர் மொட்டைமாடியில் கால் அலைநீள உயரத்தில், அதாவது 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் பத்தரை மீட்டரில் கட்டினால் அது 80 ஓம் பக்கம் நிற்கும், எஸ்.டபிள்யூ.ஆர். 1.6. கம்பத்தைக் கீழே இறக்க இறக்க ரெசிஸ்டன்ஸ் 50ஐ நோக்கிக் குறையும், முள் மகிழ்ச்சி காட்டும், தரை விழுங்கும் பங்கு கூடும். ஆன்டெனாவைக் கீழே இறக்கச் சொல்லும் ஒரு கருவியை ஆன்டெனாவின் நீதிபதியாக எப்படி உட்காரவைப்பது?

கேபிள் சொல்லும் பொய்

இதைவிட மோசமானது கேபிள் செய்யும் வேலை. பெரும்பாலோர் மீட்டரை ரிக்கின், அதாவது வானொலிப் பெட்டியின், அருகே அறைக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். ஆன்டெனாவுக்குப் போகும் அலை கேபிளில் கொஞ்சம் தேய்கிறது. திரும்பி வரும் அலை இன்னொரு முறை தேய்கிறது. கேபிள் எவ்வளவுக்கு மோசமோ அவ்வளவுக்குத் திரும்பி வருவது குறைவாகத் தெரியும், எஸ்.டபிள்யூ.ஆர். அழகாகத் தெரியும்.

கணக்கைக் கடைசி எல்லைவரை இழுத்துப் பார்க்கலாம். 3 டெசிபல் இழப்புள்ள கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லை, அறுந்து விழுந்துவிட்டது. போன பவர் பாதியாகி, முழுவதும் திரும்பி, மறுபடி பாதியாகி, கால் பங்காக வந்து சேரும். மீட்டர் 3:1 காட்டும். 6 டெசிபல் இழப்புள்ள கேபிளாக இருந்தால் அதே அறுந்த ஆன்டெனாவுக்கு மீட்டர் 1.7க்கும் குறைவாகக் காட்டி "பாஸ்" போட்டுவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஆன்டெனா தானாகவே தேறிவிட்டதாகச் சொல்லும் ஆட்கள் உண்டு. சரியாக மூடாத கேபிள் முனை வழியாகத் தண்ணீர் பின்னல் கம்பிக்குள் ஏறியிருக்கும். நீர் குடித்த கேபிளின் இழப்பு கூடும். இழப்பு கூடினால் முள் இறங்கும். கெட்டுப்போன கேபிளுக்கு நற்சான்றிதழ் தருகிறது மீட்டர். முன்பு 1.8 காட்டிய ஆன்டெனா யாரும் தொடாமல் 1.3 காட்டினால் இனிப்பு வாங்கக் கூடாது, ஏணி எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

திரும்பி வரும் பவர் எங்கே போகிறது?

3:1 என்றால் 25 சதவீதப் பவர் திரும்புகிறது. இந்த எண்ணைக் கேட்டதும் நெஞ்சில் கை வைப்பவர்கள் அதிகம். நூறு வாட்டில் 25 வாட் போயிற்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். போகவில்லை. ரிக்குக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு டியூனர் சரியாக ஒத்திசைக்கப்பட்டிருந்தால், திரும்பி வந்த அலை அங்கிருந்து மறுபடி ஆன்டெனாவை நோக்கித் திருப்பப்படும். மறுபடி முக்கால் பங்கு இறங்கும், கால் பங்கு திரும்பும், மீண்டும் போகும். கடைசியில் ஏறக்குறைய எல்லாமே ஆன்டெனாவில் இறங்கும். ஒவ்வொரு பயணத்திலும் கேபிள் வாங்கும் சுங்கம் மட்டுமே இழப்பு. சுங்கம் குறைவென்றால் எத்தனை முறை போய்வந்தாலும் கவலையில்லை.

எவ்வளவு சுங்கம்? 30 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில், சரியாகப் பொருந்திய சுமைக்கே சுமார் 1 டெசிபல் எடுத்துக்கொள்ளும். ஆன்டெனாவில் எஸ்.டபிள்யூ.ஆர். 2:1 என்றால் அதோடு 0.2 டெசிபல் கூடும். 3:1 என்றால் அரை டெசிபல். 1.5:1 என்றால் 0.07 டெசிபல். வந்து சேரும் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபல். அதாவது 3:1இலிருந்து 1:1க்கு வந்து சேர நாள் முழுதும் வெயிலில் நின்று கம்பி வெட்டியவர், எதிர்முனையில் கேட்பவரின் எஸ் மீட்டரில் ஒரு புள்ளியில் பன்னிரண்டில் ஒரு பங்கை மிச்சம் பிடித்திருக்கிறார். 1.5இலிருந்து 1:1க்கு வந்தவரின் மிச்சம் ஒரு புள்ளியில் நூற்றில் ஒரு பங்கு அளவு. அதை உணரும் காது எந்த மனிதருக்கும் இல்லை. அதே 30 மீட்டருக்கு ஆர்.ஜி.213 வாங்கியிருந்தால் அரை டெசிபலுக்கு மேல் மிச்சம். அதற்குக் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஆன்டெனாப் பொறியாளராக இருந்தவர் வால்ட்டர் மேக்ஸ்வெல், அழைப்புக்குறி டபிள்யூ2டியூ. 1973இல் க்யூ.எஸ்.டி. இதழில் இந்த மூடநம்பிக்கையைக் கிழித்துத் தொடர் கட்டுரை எழுதினார். பின்னர் அது 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' என்ற நூலாகவும் வந்தது. அரை நூற்றாண்டு ஆகியும் முள்வழிபாடு குறையவில்லை.

ரிக் எரிந்துவிடாதா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். இதில் உண்மை உண்டு. சொல்லும் காரணம்தான் தவறு. திரும்பி வந்த பவர் வெள்ளம்போல ரிக்குக்குள் புகுந்து ஃபைனல் டிரான்சிஸ்டரைச் சுடுகிறது என்பது கற்பனை. 50 ஓமுக்காக வடிவமைத்த டிரான்சிஸ்டருக்கு வேறு இம்பிடன்ஸ் சுமையாகக் கிடைத்தால், சில நிலைகளில் அளவுக்கு மீறிய மின்னோட்டமும் சில நிலைகளில் அளவுக்கு மீறிய மின்னழுத்தமும் உண்டாகும். ஆபத்து அங்கேதான். அதனால்தான் இன்றைய கடை ரிக்குகளில் எஸ்.டபிள்யூ.ஆர். 2:1ஐத் தாண்டத் தொடங்கியதும் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கிறது. அந்தக் காலத்து வால்வு ரிக்குகளில் பை-நெட்வொர்க் இருந்தது. இரண்டு குமிழ்களைத் திருப்பி, எதிரே இருக்கும் சுமைக்கு ஏற்ப ஒத்திசைத்துக்கொள்ளலாம். டிரான்சிஸ்டர் வந்ததும் அந்தக் குமிழ்கள் ரிக்கிலிருந்து கழன்று டியூனர் என்ற தனிப் பெட்டிக்குப் போய்விட்டன. நடந்தது அவ்வளவுதான். ஆன்டெனாக்கள் திடீரென்று கெட்டுப்போகவில்லை.

ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை ரிக்கைத் தாமே பற்றவைத்துக் கட்டியவர்கள் நம் நாட்டில் நிறைய. அத்தகைய வீட்டுத் தயாரிப்பில் பாதுகாப்புச் சுற்று இல்லையென்றால் எச்சரிக்கை நியாயமே. ஆனால் அதற்கான மருந்து ரிக்குக்கு 50 ஓம் காட்டும் ஒரு டியூனர். மொட்டைமாடிக் கம்பியை 1:1ஆக்கித் தீர வேண்டும் என்ற கட்டாயம் அதிலிருந்து பிறக்கவில்லை. ரிக்குக்கு என்ன தேவை என்பதும் ஆன்டெனாவுக்கு என்ன தேவை என்பதும் தனித்தனிக் கேள்விகள். முள்வழிபாடு இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது.

எஸ்.டபிள்யூ.ஆர். உண்மையிலேயே கொல்லும் இடம்

எஸ்.டபிள்யூ.ஆர். பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. பொருட்படுத்த வேண்டிய இடத்தில் முள்ளை நம்புகிறவர்கள் பொருட்படுத்துவதில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோலை, அதே கோஆக்ஸ் கேபிளோடு, 14 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். இப்போது கம்பி முழு அலைநீளம். நடுவில் இம்பிடன்ஸ் பல ஆயிரம் ஓம். 50 ஓம் கேபிளின் தலையில் எஸ்.டபிள்யூ.ஆர். எண்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். இந்த அதிர்வெண்ணில் 30 மீட்டர் ஆர்.ஜி.58இன் சுங்கம் ஒன்றரை டெசிபலுக்கு மேல். அலை எத்தனையோ முறை போய்வந்து, ஒவ்வொரு முறையும் சுங்கம் கட்டி, நூறு வாட்டில் பத்து வாட்கூட ஆன்டெனாவில் ஏறாது. மிச்சம் முழுவதும் கேபிளைச் சூடாக்கும். ஆனால் அறையில் இருக்கும் மீட்டர் என்ன காட்டும்? ஏறக்குறைய 5:1. எண்பது எங்கே, ஐந்து எங்கே! டியூனரைத் திருப்பினால் அதுவும் 1:1க்கு வந்துவிடும். நண்பர் திருப்தியோடு அழைப்பு விடுப்பார். பதில் வராது. பேண்டு மூடிவிட்டது, சூரியன் சரியில்லை என்பார். டியூனர் காட்டும் 1:1 என்பது ரிக்குக்கும் டியூனருக்கும் இடையே உள்ள ஒரு முழக் கேபிளின் நிலவரம். டியூனருக்கு அப்பால், கேபிளின் ஆன்டெனா முனையில் எண்பது எண்பதாகவேதான் இருக்கிறது.

ஆக, 1.8ஐப் பார்த்து அஞ்சுகிறவரும் இந்த 1:1ஐப் பார்த்து மகிழ்கிறவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். எங்கே அளந்தோம், நடுவில் இருக்கும் கேபிளின் இழப்பு என்ன என்று கேட்காமல் எண்ணை மட்டும் படிக்கிறார்கள். 144 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் கேபிளின் சுங்கம் பல மடங்கு என்பதால் அங்கே கண்டிப்பு தேவை. அந்தக் கண்டிப்பை அப்படியே 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குமதி செய்ததில்தான் பாதிக் குழப்பம்.

இரண்டு கம்பி வழி

கேபிளின் சுங்கம்தான் சிக்கல் என்றால் சுங்கமில்லாத பாதையில் போகலாமே. அப்படி ஒரு பாதை கோஆக்ஸுக்கு முன்பே இருந்தது. இணையாகப் போகும் இரண்டு கம்பிகள், நடுவில் காற்று. திறந்த ஃபீடர் என்றும் ஏணி ஃபீடர் என்றும் சொல்வார்கள். 1980களில் தூர்தர்ஷன் பார்க்க மொட்டைமாடியில் யாகி ஆன்டெனா நட்ட வீட்டுக்காரர்களுக்குத் தட்டையான ரிப்பன் வயர் நினைவிருக்கும். 300 ஓம் இம்பிடன்ஸ் கொண்ட அந்த ரிப்பன் இதன் தம்பி. இலங்கையின் ரூபவாஹினி தெரிய வேண்டுமென்று தென்கடலோர ஊர்களில் உயரமான கம்பம் நட்ட பலரும் அதைத்தான் கீழே இறக்கினார்கள்.

முன்பு சொன்ன அதே முழு அலைநீளக் கம்பியை, 14 மெகாஹெர்ட்ஸில், 30 மீட்டர் நல்ல 450 ஓம் ஏணி ஃபீடரால் இணைத்தால் ஃபீடரில் எஸ்.டபிள்யூ.ஆர். 9:1 பக்கம் இருக்கும். பயங்கரமான எண். மொத்த இழப்போ அரை டெசிபல் அளவே. கோஆக்ஸில் பத்து வாட்கூட ஏறாத இடத்தில் இங்கே தொண்ணூறு வாட் ஏறுகிறது. 9:1இல் தொண்ணூறு, அறை மீட்டரின் 5:1இல் பத்துக்கும் கீழே. எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணை மட்டும் வைத்து ஆன்டெனாவை எடைபோடுகிறவர்கள் இந்த இரண்டு வரிகளுக்குப் பதில் சொல்லட்டும்.

இதைக் கட்டுவதற்குக் கடை கடையாக அலையத் தேவையில்லை. எலெக்ட்ரிக்கல் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 90 மீட்டர் காயிலாகக் கிடைக்கும். மேலே இருபது மீட்டர். நடுவில் ஓர் இன்சுலேட்டர். பக்கத்துக்குப் பத்து மீட்டர். ஃபீடருக்கு இரண்டு கம்பிகளைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இறக்கினால் சுமார் 600 ஓம் வரும். இடைவெளி மாறாமல் இருக்கப் பி.வி.சி. பைப்பை நறுக்கித் துளையிட்டு அரை மீட்டருக்கு ஒன்றாக மாட்டலாம். ஒரே காயிலில் ஆன்டெனாவும் முடியும், ஃபீடரும் முடியும், மிச்சமும் இருக்கும். மேல் கம்பியின் நீளம் அரை மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை, டியூனர் பார்த்துக்கொள்ளும். 7 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை இந்த ஒரே கம்பியில் ஓட்டலாம். கடையில் விற்கும் துளையிட்ட பிளாஸ்டிக் ஏணி ஃபீடரில் மழைநீர் படிந்தால் இழப்பு சற்றுக் கூடும். வெற்றிடைவெளி கொண்ட வீட்டு ஃபீடர் மழையிலும் பெரிதாக மாறாது. ஜன்னல் கிரில்லையும் இரும்புக் குழாயையும் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது ஒன்றே அதன் கெடுபிடி. மின்வாரியக் கம்பிகளின் பக்கமே போகக் கூடாது என்பது எந்த ஆன்டெனாவுக்கும் பொருந்தும்.

அப்படியென்றால் ஏன் கைவிட்டார்கள்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோஆக்ஸ் கேபிள் உபரியாக மலிந்தது. சுவரோரமாகப் போகும், பெட்டிக்குள் நுழையும், சொன்ன இடத்தில் வளையும். வசதிக்காக வந்தது, அதில் தவறில்லை. ஆனால் கோஆக்ஸின் பலவீனத்தை மறைக்க வந்த ஒழுக்கம், பிறகு எல்லா ஆன்டெனாக்களுக்குமான சட்டமாக உயர்த்தப்பட்டது. ஜி5ஆர்வி ஆன்டெனாவுக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. லூயி வார்னி என்ற ஆங்கிலேயர் 1946இல் அதை வடிவமைத்தார். 31.1 மீட்டர் கம்பி, கீழே 10.36 மீட்டர் திறந்த ஃபீடர். 14 மெகாஹெர்ட்ஸில் மூன்று அரை அலைநீளமாக வேலை செய்யட்டும் என்பதே அவர் கணக்கு. மற்ற பேண்டுகளுக்கு டியூனர் வேண்டும். இன்று அதே பெயரில் விற்பதையெல்லாம் வாங்குகிறவர் எல்லாப் பேண்டிலும் 1:1 வரும் என்று எதிர்பார்க்கிறார். வராதபோது வார்னியைத் திட்டுகிறார்.

கேபிளை வெட்டும் வைத்தியம்

முள்ளை இறக்கக் கேபிளின் நீளத்தை மாற்றுவது இன்னொரு பிரபல வைத்தியம். அரை அலைநீளத்தின் மடங்குகளில்தான் கேபிள் இருக்க வேண்டும் என்று சூத்திரம் சொல்வோரும் உண்டு. இழப்பு குறைந்த 50 ஓம் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். எங்கே அளந்தாலும் ஏறக்குறைய ஒன்றே. இம்பிடன்ஸ் இடத்துக்கு இடம் மாறும், விகிதம் மாறாது. இரண்டு மீட்டர் வெட்டியதும் முள் குதித்து இறங்கினால் வேறொன்று அம்பலமாகிறது: கேபிளின் வெளிப் பின்னலின் மேற்பரப்பில் மின்னோட்டம் ஓடுகிறது, கேபிளே ஆன்டெனாவின் மூன்றாவது கையாகிவிட்டது. கேபிளை வெட்டியவர் தன்னையறியாமல் ஆன்டெனாவை வெட்டியிருக்கிறார்.

ஃபீட் செய்வதில் உண்மையான கவனம் வேண்டிய இடம் இதுதான். இதைப் பற்றி மீட்டர் வாய் திறப்பதேயில்லை. டைபோலின் இரண்டு கைகளும் சமம். கோஆக்ஸின் உள்கம்பியும் பின்னலும் சமமில்லை. இணைக்கும் இடத்தில் ஒரு கரன்ட் பேலன் இல்லாவிட்டால் ஒரு பங்கு மின்னோட்டம் பின்னலின் வெளிப்புறமாக இறங்கி வீட்டுக்குள் வரும். மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்னும். கணினியின் ஸ்பீக்கர் உளறும். அதே பாதை கேட்கும்போது எதிர்த்திசையில் வேலை செய்யும். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர் எல்லாம் கிளப்பும் இரைச்சல் அந்தப் பின்னல் வழியாக ஏறி ஆன்டெனாவுக்குப் போய் ரிசீவருக்கு வந்து சேரும். இரைச்சல் இரண்டு எஸ் புள்ளி ஏறினால் பன்னிரண்டு டெசிபல் போயிற்று; எதிரே இருப்பவர் தன் பவரைப் பதினாறு மடங்காக்கினால்தான் அதை ஈடுகட்ட முடியும். 0.2 டெசிபலுக்காகக் கம்பி வெட்டிக்கொண்டிருந்தவர் இதைக் கவனிக்கவே இல்லை. ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் பேலன் தயார்; ஆன்டெனாவின் நடுவில் அதை மாட்டினால் தீர்கிற விஷயம் இது.

முள்ளுக்குக் கொடுக்கும் விலை

தவறான நம்பிக்கை என்றாலும் யாருக்கும் கெடுதல் இல்லையே என்று கேட்கலாம். கெடுதல் இருக்கிறது. 1:1ஐ எப்படியாவது கொடு என்று சந்தை கேட்டால் சந்தை கொடுக்கும். கொடுக்கச் சுலபமான வழி, ஆன்டெனாவுக்குள் ஒரு ரெசிஸ்டரை வைத்துவிடுவது. டி2எஃப்டி என்ற மடிப்பு டைபோல் 1940களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையினர் பரிசோதித்தது. அதன் மேல் கம்பியின் நடுவில் சில நூறு ஓம் ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும். அதிர்வெண்ணை நொடிக்கு நொடி மாற்ற வேண்டிய படைக்கும், டியூனரைத் திருப்ப ஆள் இல்லாத அரசு நிலையத்துக்கும் அது நியாயமான சமரசம். அகலமான அலைவரிசை வேண்டும், அதற்கு விலையாகப் பவரில் பெரும் பங்கைச் சூடாகக் கொடுக்கிறார்கள். தெரிந்தே கொடுக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து ஐந்து வாட்டில் பேசும் ஹாம் அதையே "எல்லாப் பேண்டிலும் எஸ்.டபிள்யூ.ஆர். 2க்குக் கீழே" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினால், டம்மி லோடின் உறவுக்காரனுக்குக் காசு கொடுத்து அதைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்.

இன்னொரு கெடுதல் காசில் வராதது. தேர்வு எழுதி, அழைப்புக்குறி வாங்கி, முதன்முதலாகக் கம்பியைக் கட்டிய இளைஞர் ஒருவர் முள் 1.9இல் நிற்பதைப் பார்த்துத் தனக்கு இது வராது என்று முடிவெடுக்கிறார். அவருடைய கம்பி 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீள உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் டைபோல் பெரும்பகுதி அலையை நேரே மேல்நோக்கி அனுப்பும். பகல் நேரத்தில் அது அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கும். சென்னைக்காரர் மதுரையோடும் கோவையோடும் பேச இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. தூர தேசம் வேண்டுமென்றால் அரை அலைநீள உயரத்துக்கு, 21 மீட்டருக்கு, ஏற்ற வேண்டும். அப்போதுதான் அலையின் முக்கிய வீச்சு 30 பாகைக்கு இறங்கும். இந்த இரண்டில் எதையும் முள் அவருக்குச் சொல்லவில்லை. கிடைத்திருக்க வேண்டிய ஒரு நல்ல குரலை விரட்டியது மட்டுமே அது செய்த வேலை.

முள்ளுக்கு உரிய இடம்

மீட்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கட்டிய அன்று கிடைத்த எண்ணை ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அது நல்ல காவல்காரன். அந்த எண் பிறகு எந்தப் பக்கம் மாறினாலும் விசாரிக்க வேண்டும்: சால்டர் விட்டிருக்கலாம், கடற்காற்று இணைப்பை அரித்திருக்கலாம், கேபிள் நீர் குடித்திருக்கலாம். கோஆக்ஸால் இணைத்த ஒற்றைப் பேண்டு டைபோலுக்கு முதல் வெட்டு நீளம் பார்க்கவும் மீட்டர் வேண்டும். 142.6ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1க்கு 20 மீட்டர் சொச்சம். கொஞ்சம் நீளமாகவே வெட்டிக் கட்டிவிட்டு, உறை போர்த்திய கம்பி இன்னும் சிறிது குறைய வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வைத்து, இருபுறமும் சமமாகக் குறைத்துக்கொண்டே வரலாம். 1.5 வந்ததும் வெட்டுக்குறட்டைக் கீழே வைத்துவிடலாம். பேண்டின் இரு ஓரங்களிலும் 2 காட்டினாலும் அப்படியே விடலாம்.

மிச்சமுள்ள உழைப்பு எல்லாவற்றையும் மீட்டர் பார்க்க முடியாத இடங்களில் செலவிட வேண்டும். கம்பம் இன்னும் இரண்டு மீட்டர் உயருமா? கம்பி வீட்டு வயரிங்கை விட்டு இன்னும் தள்ளிப் போகுமா? நடுவில் பேலன் இருக்கிறதா? கேபிளின் இழப்பு எவ்வளவு, அதைப் பாதியாக்க முடியுமா? பல பேண்டு வேண்டுமென்றால் கோஆக்ஸை விட்டுவிட்டு இரண்டு கம்பி இறக்க இடம் இருக்கிறதா? எதிர்முனையில் கேட்பவருக்கு வித்தியாசம் தெரிவது இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில்தான். யாராவது தன் ஆன்டெனா 1:1 என்று பெருமையாகச் சொன்னால், எந்த இடத்தில் அளந்தீர்கள், நடுவில் எத்தனை மீட்டர், என்ன கேபிள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராத வரையில் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.